ஹர்த்தால் நாள் பாடங்கள்

அம்மா பேர் ஒரு நோட்டில்,
என் பேர் இன்னொரு நோட்டில்.
வண்டன்மேட்டுக் கங்காணி வைத்திருந்தது ஒன்று,
கம்பத்தில் ஐந்தாம் வகுப்பு சார் வைத்திருந்தது மற்றது.
இரண்டையும் பக்கம் பக்கமாய்
வைத்துப் பார்த்தவர் யாருமில்லை.
பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்:
ஒச்சம்மாள் வந்த நாளில் விருமாயி வரவில்லை.
விருமாயி வந்த நாளில் ஒச்சம்மாள் வரவில்லை.

நாலரைக்கு ஜீப் ஆரன் அடிக்கும்.
பத்துப் பேர் வண்டியில் பதினெட்டுப் பேர்,
மடிமேல் மடி, தூக்குவாளிமேல் தூக்குவாளி.
தான் எழுந்த பாயின் சூட்டில்
தவசியை உருட்டிவிட்டு
"பவுடர் ரெண்டு கரண்டிதான்" என்பாள் அம்மா.
எனக்கு ஒன்பது வயது.
அவனுக்கு ஒன்பது மாதம்.
அப்பா திருப்பூரில் இருந்தார், அல்லது
திருப்பூரில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டோம்.

மலைக்கு அந்தப் பக்கம்
யாரோ யாரையோ வெட்டினால்,
பஸ் கட்டணம் ஏறினால்,
ஏதோ ஒரு கட்சிக்குக் கோபம் வந்தால்
கேரளத்தில் ஹர்த்தால்.
மெட்டில் செக்போஸ்ட் கம்பு இறங்கிவிடும்.
எனக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.
முதல் நாள் ராத்திரி
பக்கத்து வீட்டு ரேடியோவில் மலையாளச் செய்தி கேட்பேன்.
ஒரு வார்த்தைதான் புரியும்.
அது போதும்,
பாவாடையைத் துவைத்துப் போட.

அதனால் என் படிப்பு இப்படி:
பரப்பளவு தெரியும், பின்னம் தெரியாது.
ஔரங்கசீப் செத்தது தெரியும், பிறந்தது தெரியாது.
இலை எப்படிச் சோறு சமைக்கிறதென்று
சார் பாதி நடத்தினார்.
மீதிப் பாதிக்கு
மலையில் யாரும் சாகவில்லை.

ஒரு தடவை தவசியை இடுப்பில் வைத்தபடியே போனேன்.
சார் ஒன்றும் சொல்லவில்லை.
கரும்பலகைக்குக் கீழே சாக்கை விரித்தார்.
அவன் சாக்பீஸைத் தின்றான், தூங்கினான்,
தண்டியாத்திரையின் நடுவே ஒன்றுக்குப் போனான்.
ஒன்பது நாள் இப்படி.
வியாழக்கிழமை சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு
"நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்மா" என்றார்.
நல்ல மனுஷன்தான், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

தவசி ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை.
அவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த மாதம்
அம்மாவுக்கு முட்டி போனது, ஜீப்பில் இடம் காலியானது.
அவனுடைய ரேங்க் கார்டுகளில்
பெற்றோர் கையொப்பம் எல்லாம் என்னுடையது,
ஏலக்காய்க் கறை படிந்த விரலால்
ஒச்சம்மாள், ஒச்சம்மாள் என்று.
இப்போது ஓசூரில் கம்பெனி வேலை.
"அக்காவுக்குப் படிப்பில் இஷ்டமில்லை" என்று
பெண் வீட்டாரிடம் சொன்னான்.
நான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன்.
ஆமாம் என்றேன்.

எழுதத் தெரிந்தவள் என்று
தோட்டத்து நோட்டு இப்போது என்னிடம்.
மேலே நான் ஒரு டிக் போட்டால்
கீழே எங்கோ ஒரு வகுப்பில்
ஒரு பெருக்கல் குறி விழுகிறது.
எனக்குக் கேட்கும் அந்தச் சத்தம்,
காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால்.

போன மாதம் காமுத்தாய் வரவில்லை.
கைக்குழந்தைக்கு அவளே காவல்,
பெரிய மகளுக்குக் கணக்குப் பரீட்சை.
வந்ததாக எழுதிவிட்டேன்.
சாயங்காலம் காய் எடை போடும்போது
ஜோஷிச் சேட்டன் ஒரு சாக்குக் குறைவதைப் பார்த்தார்.
திட்டவில்லை.
நானூற்றைம்பது ரூபாயை
என் கூலியில் கழித்தார்.

மகள் எடுத்தது இருபத்தொரு மார்க்.
ஜீப்பில் இறங்கி வரும்போது
ஒரு மார்க் என்ன விலை என்று வகுத்துப் பார்த்தேன்.
ஒன்பது மீதி வந்தது.
மீதியை என்ன செய்வதென்று நடத்திய அன்று
நான் வரவில்லை.