பச்சை சொல்லும் கல்

என் பெட்டியில் இருப்பவை:
தாளில் சுற்றிய ஆறு குழாய்கள்,
கறுப்புக் கண்ணாடி, ரசீதுப் புத்தகம்,
கைக்குட்டையில் முடிந்த ஒரு கல்.
நியூ ஜெர்சி சுரங்கத்திலிருந்து வந்தது.
பகலில் பார்த்தால் வெறும் சரளை.

நெப்ராஸ்கா முழுக்க எனக்குத் தெரியும்,
கசாப்புக் கடைகளின் பின்கதவு வழியாக.

ஓமஹாவில் ஹ்ருஷ்கா
குளிரறைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தார்.
கொக்கிகளில் பாதிப் பாதியாக மாடுகள்.
மேலே எங்கள் கம்பெனி விளக்கு,
விரல் தடிமன், முழம்போல நீளம்,
நாற்பத்தேழில் நானே மாட்டியது.
நீலமாக எரிந்துகொண்டுதான் இருந்தது.
"அப்புறம் ஏன் தொடைக்கறியில் பூசணம்?"
என்றார், தொப்பியைக் கழற்றாமல்.

எப்படிச் சொல்வது.
வீட்டு ட்யூப்லைட்டுக்கு உள்ளே வெள்ளைப் பொடி பூசுவார்கள்.
இது பூசாத குழாய், அம்மணம்.
ஒரு சொட்டுப் பாதரசம், ஒரு மூச்சு ஆர்கான்.
கண்ணாடி மட்டும் வேறு ரகம்:
ஜன்னல் கண்ணாடி அந்த ஒளியை வாசலிலேயே மறித்துவிடும்,
இது உள்ளே கூப்பிடாமல் வெளியே விடும்.
கொல்வது நீலம் இல்லை, ஹ்ருஷ்கா.
நீலம், சம்மட்டி அடியில் தெறிக்கும் பொறி.
அடி விழுவது
நம் கண்ணுக்கு வெளியே.

தான் வழிவிட்ட ஒளியாலேயே
கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக அடைந்துபோகும்.
அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறோம்,
பொடி எழுத்தில், மணிக்கணக்கோடு.
யார் படிக்கிறார்கள்.

கல்லை விளக்குக்குக் கீழே நீட்டினேன்.
கல் கல்லாகவே இருந்தது.
புதுக் குழாயை மாட்டினேன்.
பச்சை!
ரயில் கைகாட்டியின் பச்சை,
என் உள்ளங்கையில்.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் குறுக்கே பிடித்தார்.
பச்சை போயிற்று.
எடுத்தார். வந்தது.
மூன்று தடவை செய்து பார்த்துவிட்டுச்
சின்னப் பையன் மாதிரிச் சிரித்தார்.
"திரும்பி நில்லுங்கள்" என்றேன், "கண்."

கண்ணைப் பற்றி எனக்குத் தெரியும்.
முதல் வருஷம், கறுப்புக் கண்ணாடி இல்லாமல்
அரை மணி நேரம் ஒரு குழாயைச் சரிசெய்தேன்.
அன்றிரவு கிராண்ட் ஐலண்ட் லாட்ஜில்
இமைக்குள் ஒரு வண்டி மணல்.
லாட்ஜ்காரி ஓட்டிலி
பச்சை உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி வைத்துக் கட்டினாள்.
பார்க்க முடியாததைப் பார்த்ததற்கு
இரண்டு நாள் குருடு.

பிறகு லிங்கனில் அந்தப் பள்ளிக்கூடம்.
தட்டம்மைக் குளிர்காலம்.
கூரையை ஒட்டித் தகரத் தொட்டில்,
அதற்குள் மல்லாந்து கிடக்கும் விளக்கு.
ஒளி பிள்ளைகள்மேல் படாது,
அவர்களின் மூச்சுதான் மேலே ஏறி வரவேண்டும்.
மிஸ் தோர்வில்சனுக்கும் கல்லைக் காட்டினேன்.
பார்த்தார்.
"கல்லுக்குச் சரி" என்றார்.
காலியான இரண்டு பெஞ்சுகளைப் பார்த்தார்.
நான் ரசீது எழுதினேன்.
தேதியைத் தப்பாக எழுதியிருக்கிறேன்,
பிற்பாடு ஆபீசில் சொன்னார்கள்.

ஹ்ருஷ்கா பழைய குழாயைத் தரமாட்டேன் என்றார்.
முன்பக்க ஜன்னலில் மாட்டச் சொன்னார்.
"அது ஒன்றும் செய்யாதே."
"தெரியும். ஜனங்களுக்கு நீலம் பிடிக்கும்."
மாட்டினேன். கூலி வாங்கவில்லை,
வாங்கினால் எதற்கு என்று எழுதுவது.

ஆறு மணிக்கே இருட்டு, பனி.
நடைபாதையில் நீலம் வழிந்து கிடந்தது.
மகனைக் கையில் பிடித்த ஒருத்தி நின்றாள்,
"இங்கே சுத்தமாக இருக்கும்" என்று
அவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கோட்டுப் பைக்குள் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.
வெளியே எடுக்கவில்லை.