ஆறு டாலர் சட்டி

டாலிவர் வீட்டு விவாகரத்து
புல்தரையில் விலைக்குக் கிடந்தது:
கட்டில், உடைந்த சைக்கிள், ஒரு பெட்டி கிறிஸ்துமஸ் விளக்கு,
அதற்கடியில் துருவேறிய வார்ப்பிரும்புச் சட்டி.
ஆறு டாலர் என்றாள் ரோவீனா.
பேரம் பேச வாய் வரவில்லை.

டயாலிசிஸ் வார்டில் நாளெல்லாம்
பிளாஸ்டிக் குழாய்களோடு மாரடிப்பவள் நான்.
கனமான எதைக் கண்டாலும் ஆசை.

அடுப்பு துடைக்கும் நுரையைப் பூசிக்
குப்பைப் பையில் கட்டிவைத்தேன், மூன்று நாள்.
பழைய கரி தாராக வழிந்தது.
துருவுக்கு வேறு வைத்தியம்:
தொட்டித் தண்ணீர், சலவைச் சோடா,
எதிர்வீட்டு ஹோலிஸிடம் இரவல் வாங்கிய
பேட்டரி சார்ஜர்.
சட்டியைக் கம்பியில் தொங்கவிட்டால்
குமிழ் குமிழாகத் துரு கழன்றது.
இரவு இரண்டு மணிக்கு எழுந்துபோய்ப் பார்த்தேன்,
காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

சாம்பல் நிறத்தில் அம்மணமாக வெளியே வந்தது.
கைப்பிடிக்கு அடியில் ஓர் எட்டு.
துடைத்து நிமிர்வதற்குள் மறுபடி செம்மை படர,
ஓடிப்போய்ச் சூடாக்கிப் பன்றிக்கொழுப்பு தடவினேன்.
தடவியதையெல்லாம் துடைத்தேன்.
தடவவே இல்லையோ என்று தோன்றும்வரை.
ஐந்து முறை.
சட்டியைப் பழக்குவது அப்படித்தான்.

சார்ஜரை வாங்க வந்த ஹோலிஸ் வாசலிலேயே நின்றான்.
"இதிலா? வெண்டல் இதில்தானே
தூண்டில் குண்டு வார்ப்பான்?"

ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றினாற்போல் இருந்தது.
இந்த முறை அது உவமைகூட இல்லை.

கடையில் வாங்கிய சோதனைப் பஞ்சு சிவந்தது.
இன்னொன்று. அதுவும்.
இரும்பின் துளைக்குள் போய் உட்கார்ந்த ஈயத்தை
எந்தச் சோடாவும் எழுப்பாது.
என் நகக்கண்களைப் பார்த்தேன்,
ஒரு வாரமாய்க் கையுறை போடாதவள்.
வார்டில் இருபது தடவை கை கழுவுகிறவள்.

ஒயிட் ரிவர் கரையில்
இரவல் டிரெய்லரில் இருந்தான் வெண்டல்.
"அவள் இதையுமா விற்றாள்?"
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இவ்வளவு சுத்தம் இதற்கு எதற்கு?"

காற்றுக்கு மேல்பக்கம் நின்றுகொண்டேன்.
வெளியடுப்பில் வைத்துப் பற்றவைத்தான்.
என் ஐந்து பூச்சும் புகைந்தன,
முதலில் காலைச் சாப்பாட்டு வாசனையோடு.
பிறகு ஈயக்கட்டியைப் போட்டான்.
அது உருகி, எங்கும் ஒட்டாமல்,
வெண்ணெயில் முட்டை வழுக்குவதுபோல்
சட்டி முழுக்க வழுக்கிக்கொண்டு போனது.

"அடேயப்பா" என்றான் வெண்டல்.

ஆறு டாலரை நான் கேட்கவில்லை.