உறைபனி மாதத்தில் பந்து பொறுக்குதல்

தை பிறந்து நாலாம் நாள்.
புல் முழுக்க யாரோ உப்பைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
கந்தப்பளைப் பக்கம் கிழங்குச் செடியெல்லாம் கருகிவிட்டதாம்,
முதல் பஸ்ஸில் வந்த லீக்ஸ்காரன் சொன்னான்.
நுவரெலியா விழிக்குமுன்
கோல்ப் மைதானத்து ஓடையில்
நானும் கிங்கிலியும்.

அதன் பெயர் கிங்ஸ்லி.
கொழும்புக்காரர்கள் ஏப்ரல் சீசனுக்குக் கூட்டிவந்து,
வாணவெடிக்கு மிரண்டு
கட்டிலுக்கடியில் மூத்திரம் பெய்ததென்று
வாடகை பங்களாவிலேயே விட்டுப்போனார்கள்.
"ரெண்டு நாள் சோறு போட்டேன்,
மூணாவது நாள் என் சோறு அது" என்று
காவல்கார இன்னாசி கயிற்றை என்னிடம் தந்தார்.
லெப்ரடோர். தண்ணீரைக் கண்டால் விழுகிற ஜாதி.
நான் கேடி. தண்ணீரில் பந்து விழுகிற தொழில்.

பழைய காலுறையில் கழிவுத் தூளைத் திணித்து
எறிவேன். போகாதே என்பேன்.
போகாமல் இருப்பதுதான் பாதிப் பாடம்.
ஓட்டம் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது,
உட்கார்ந்திருப்பதற்குத்தான் ஓர் ஆள் வேண்டும்.

பிறகு முட்டை.
ஏழு உடைந்தது.
"முட்டை விக்கிற விலையில" என்றாள் செல்வமலர்,
ஏழாவதன் ஓட்டை அது நக்குவதைப் பார்த்தபடி.
எட்டாவது, எச்சில் வழிய, முழுசாக வந்தது.
அவளே அதை அவித்தாள்.
பாதி அதற்கு. மீதி யாருக்கென்று
காம்பராவில் ஒருவரும் கேட்கவில்லை.

மூடுபனியில் கை காட்டி என்ன பயன்?
என் கை எனக்கே தெரியாது.
ஆகவே விசில். ஒன்றுக்கு நில். இரண்டுக்குத் திரும்பு.
உதடு மரத்த காலைகளில்
விசில் வராது, வெறும் காற்றுத்தான்.
அதற்கும் திரும்பி வந்திருக்கிறது.

குளிரில் இரண்டு தடவைக்கு மேல் தண்ணீரில் விடக்கூடாது.
மார்கழியில் ஒரு நாள் ஏழு தடவை விட்டேன்.
நல்ல பந்து நூறு ரூபாய்,
கொரியாக்காரர் தொலைத்ததெல்லாம் நல்ல பந்து.
மறுநாள் வால் ஆடவில்லை.
ஒடிந்த குடைக்கம்பி மாதிரித் தொங்கியது, நாலு நாள்.
அந்த நாலு நாளும்
அது என் முகத்தைப் பார்த்தது,
நான் அதன் வாலைப் பார்த்தேன்.
இப்போது இரண்டோடு சரி.
கரையேறியதும் உரச்சாக்கால் துடைப்பேன்,
வாலடியிலிருந்து தொடங்கி.

இன்று இரண்டாவது தடவை.
விசிலுக்கு மெதுவாக வந்தது.
பந்தென்றால் குதித்து வரும்.
பனியிலிருந்து முதலில் மூக்கு,
பிறகு வாயோரத்தில்
ஊசிபோல் நீளமாக ஒரு அலகு.

உள்ளான்.
எங்கேயோ பனி நாட்டிலிருந்து வருகிற குருவி,
எங்கள் குளிரை வெயிலென்று நம்பி.

கிங்கிலி உட்கார்ந்தது.
நான் கேட்கும்வரை வைத்திருந்தது.
"கொடு" என்றேன்.
உள்ளங்கையில் ஈரச் சூடு.
ஓர் இறகு கலையவில்லை.
கண் மட்டும் பக்கவாட்டில், பெரிதாக,
என்னையும் நாயையும் சேர்த்தே பார்த்தது.

யாரோ ஒரு துரையின் துப்பாக்கிக்காக
எந்தச் சீமையிலோ இழைத்து இழைத்துச் செய்த வாய்.
வெடிக்கு மூத்திரம் பெய்கிற நாயிடம்
வந்து சேர்ந்திருக்கிறது.

சாக்கின் காய்ந்த மூலையில் வைத்தேன்.
கொஞ்ச நேரம் அது அங்கே இல்லாததுபோல் இருந்தது.
பிறகு துணி கிழிகிற சத்தம்.
இடம் வலம் இடம் என்று வெட்டி வெட்டி
பனிக்குள் போனது.

கிங்கிலி இடத்தைக் குறித்துக்கொண்டது.
காது முன்னே, முன்கால் இறுகி,
எறிந்ததெல்லாம் விழும் என்று
நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.
விழுவதற்காகக் காத்திருந்தது.
என் வாயைப் பார்த்தது. மறுபடி மேலே.

எட்டு மணிக்குக் கேடிப் பெரட்டு.
பையில் பந்து ஒன்றுதான், அதிலும் கீறல். நாற்பது ரூபாய்.
துடைக்கத் தொடங்கினேன், வாலடியிலிருந்து.
அது இன்னும் உட்கார்ந்தேயிருந்தது.