தை மாதத்துப் பக்கம்

மாதம் ஒருக்கா எங்களை எண்ணுவார்கள்.
பவானிசாகர் அணையின் தண்ணீரையும் இப்படித்தான்,
ஏறினால் ஒரு கவலை, இறங்கினால் ஒரு கவலை.

தை மாதக் கணக்கில்
வீட்டு எண் நூற்றுப் பதினேழு, துவாரகா, வயது பதினேழு.
அந்தப் பேருக்கு நேரே கிடக்கிற கையெழுத்து
என்னுடையது.
அவள் தாய் சரோஜா முதல்நாள் இரவு வந்து நின்றாள்.
"பெட்டை பல்லடத்தில மில்லுக்குப் போயிட்டாள் அக்கா,
பேரை வெட்டினா உதவிப்பணம் போயிடும்."
போட்டேன்.
'கா'வின் காலை அவளைப் போலவே கீழே இழுத்துப் போட்டேன்.
பல்லடத்தில் அப்படி ஒரு மில் இல்லை.

மாசியில் நாலு பெடியளைப் பிடித்தார்கள்.
நாலும் எங்கட முகாம்.
ரொஷாந்தன் எங்கட வரிசை,
யதுசன் எங்கள் வீட்டில் காய்ச்சலோடு படுத்தவன்.
எஃப்.ஐ.ஆரில் கும்பல் என்று எழுதியிருந்தது,
ஆட்கடத்தல் என்று எழுதியிருந்தது.
தாளவாடி மலையிலிருந்து ரெண்டு பிள்ளைகள்,
முகாமிலிருந்து ஒன்று,
கோயம்புத்தூரில் பூட்டின வீடு.

கடத்தல் எங்களுக்குப் புதுச் சொல் இல்லை.
எங்களைக் கடல் கடத்தினவனுக்கு
தோட்டைக் கழற்றிக் கொடுத்தோம்.
அவனைப் பற்றிப் பேசினால்
இன்றைக்கும் ஆட்கள் கை கூப்புவார்கள்.

சத்தியமங்கலம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்
புளியம்பட்டி வரைக்கும் காலியாகவே வந்தது.
மல்லிகைத் தோட்டக்காரர்
பூவை நிறுத்து, காசை எண்ணி, நாலு நாள் கூலி கூடவே வைத்து,
"உங்க மேல எனக்கொண்ணும் இல்லீங்க அக்கா,
ஊருக்குள்ள பேசறாங்க" என்றார்.
அவர் நல்லவர்தான். அதுதான் பிரச்சினை.
திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

ரேசன் கடை முன்னால் கூட்டம் போட்டோம்.
வக்கீலுக்கு வீட்டுக்கு இருநூறு.
"எங்கட பிள்ளையள், விட ஏலுமோ?"
"அப்ப துவாரகா ஆற்ற பிள்ளை?"
பெயின்டர் செல்வநாதன்
கோபியில் மூன்று வீட்டு வேலை நின்றுபோனதைச் சொன்னார்,
பிறகு யாரையும் பார்க்காமல்
இருநூறை நீட்டினார்.
நானும் நீட்டினேன். எதற்கு என்று இன்னும் தெரியாது.

வக்கீல் கோபியிலிருந்து வந்தார்.
பிளாஸ்டிக் நாற்காலி நுனியில் இருந்துகொண்டு
பேனாவைத் திறந்து மூடி,
"அந்தப் புள்ள தை மாசம் கேம்புலதானுங்களே இருந்துருக்குது?
ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்குதுங்களே" என்றார்.
சிரித்தார்.
யதுசனின் தாய் என்னைப் பார்த்தாள்.
சரோஜா தரையைப் பார்த்தாள்.
யாரோ தேத்தண்ணி கொண்டுவந்தார்கள், எல்லோரும் குடித்தோம்.

துவாரகா திரும்பி வந்த மூன்றாம் நாள்
குடத்தோடு குழாயடிக்கு வந்தாள்.
வரிசை தானாக விலகி வழி விட்டது,
சாமி வந்தவளுக்கு விடுகிற மாதிரி,
சொறி பிடித்தவளுக்கு விடுகிற மாதிரி.
அவள் போய்ப் பின்னால் நின்றாள்.
"நான் கடைசியா வந்தனான்."
தண்ணீர் நின்றுபோகும் வரைக்கும்
அவள் முறை வரவில்லை.

இன்றைக்குக் கணக்கெடுப்பு.
ஆர்.ஐ. பேர் வாசிக்கிறார், வெயில் ஏறுகிறது.
நூற்றுப் பதினேழு.
அவள் கையெழுத்துப் போட்டாள்,
பழைய பக்கத்தைப் புரட்டி
ஒரு இடத்தில் விரலை வைத்து
கொஞ்ச நேரம் நின்றாள்.
என்னைத் தேடவில்லை.
குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நூற்றுப் பதினெட்டு, நான்.
வழக்கில் என் பேரும் வரலாம். அட்டையையும் பிடுங்கலாம்.
பின்னால் யதுசனின் தாய் நிற்கிறாள்,
அவள் மூச்சு என் பிடரியில் படுகிறது.
பேனா மற்றவர்களின் கையால் சூடாகிக் கிடக்கிறது.
"ஐயா," என்றேன்,
"தை மாதத்துப் பக்கத்தை ஒருக்காத் திருப்புங்கோ."
"அதெல்லாம் முடிஞ்சுதும்மா,
இங்க போடுங்க" என்றார் அவர், நிமிராமல்.

"திருப்புங்கோ ஐயா."