டோக்கன் நம்பர் பதினாலு

பேருங்களா? எனக்கு மயிலாத்தா.
சாவலுக்குங்களா...
அதையும் எழுதித்தான் ஆகோணுங்களா?
சூப்பர்வைசருங்க.
ரெண்டு கையையும் பின்னால கட்டுனாப்பல நடப்பானுங்க, அதான்.

செவ்வாக்கெழமையிலிருந்துங்க.
வெடியால நாலரைக்குக் கூப்பிடறவன்
அன்னைக்கு வாயை மட்டும் தொறந்து தொறந்து மூடுனான்.
கம்பெனி வண்டி வந்து ஆரன் அடிச்சுத்தான்
காம்பவுண்டே எந்திரிச்சுது.

கழிச்சலுங்களா? இல்லீங்க.
மேவீட்டுச் சென்னியப்பண்ணன் பாத்ததும்
"வெள்ளைக்கழிச்சல் புள்ள, பொழுதோட அறுத்துப்போடு,
மொளகு மட்டும் தூக்கலா"ன்னாரு.
நானு ஒத்துக்கலைங்க.
பேப்பரை விரிச்சு அதுமேல கட்டிவெச்சுப் பாத்தேன்.
பச்சையும் இல்ல, வெள்ளையும் இல்ல.
மொதநாளு இத்தினியூண்டு.
மறுநாளு, தங்கம் வெலை போட்ட பக்கம்
ஒரு கறையில்லாமக் கெடந்துச்சு.

சளியும் இல்லீங்க, மூக்கை அமுத்திப் பாத்தேன்.
ரெக்கைக்கடியில பேனு பாத்தேன்.
காலு முடங்கலை.
கொண்டைதானுங்க,
மொளகாப்பழமாட்ட இருந்தது
கத்திரிக்காத் தோலாட்டக் கருத்துப்போச்சு.

தப்புப் பண்ணுனதையும் சொல்லிப்போடறனுங்க.
சின்ன வெங்காயம் நாலு, ஒரு சிட்டிகை மஞ்ச,
நசுக்கி வாயில திணிச்சேன்.
பாதி வெளியவே வந்துச்சு,
மூணு நாளு புளிச்ச மாவு வாசத்தோட.

நானு செக்கிங்குங்க, பனியன் கம்பெனியில.
நாளைக்கு எண்ணூறு பீசு கைமாறும்.
ஓட்டை, கறை, விட்ட தையலு,
பாத்த ஒடனே கண்ணுல தட்டும்.
தப்பு இருக்கற எடத்துல செவப்பு அம்பு ஸ்டிக்கரு ஒட்டிப்போட்டு
அக்கட்டத் தள்ளிருவேன்.
இவன் மேல எங்க ஒட்டறதுன்னு தெரியலைங்க.

ரூமுக்காரப் பையன் பிஸ்வஜித், ஒடியாக்காரன்,
நைட்டு ஷிப்டு போறதுக்கு முந்தி
மடியில தூக்கிவெச்சுக் கழுத்துக்குக் கீழ தடவுனான்.
"அக்கா, இங்க பந்து."
தின்னா தீனிப்பை அப்பிடித்தான்டா இருக்கும்னேன்.
"ராத்திரி ஒண்ணும் குடுக்காதே. காலைல கை வெச்சுப் பாரு."
காலையில வெச்சேன்.
பந்து பந்தாவே இருந்துச்சுங்க.

எங்க மேயுதுங்கறீங்களா?
ஊட்டுல கம்பு, நொய்யரிசி.
வெளியிலீங்களா...
கம்பெனிக்குப் பொறவால ஒரு சந்துங்க,
கட்டிங் வேஸ்ட்டு கொட்டறது.

ஏனுங்க டாக்டரம்மா,
எழுதறதை நிறுத்திப்போட்டீங்க?

புடிச்சுக்கறனுங்க. கண்ணை மூட மாட்டனுங்க.
மரத்துப்போற ஊசிதானுங்களே?
காலை அமுத்திட்டேன். செரி.

ஐயோ,
அது எங்க கலருங்க.
கருநீலம், போன மாசத்து ஆர்டரு,
ரெண்டு வயசுக் கொழந்தைக்குப் போடற சட்டை.
நூலு. இன்னும் நூலு.
இழுக்க இழுக்க வருதுங்களே.
ஒரு எலாஸ்டிக்குத் துண்டு,
எப்பிடித் தொவைக்கோணும்னு போட்ட லேபிலு,
நடுவால என்ற வெங்காயம், அப்பிடியே.
அது... ஸ்டிக்கருங்க.
அம்பு.
இதையுமா தின்னு வெச்சான்.

உள்பைக்குத் தனித்தையலு, தோலுக்குத் தனித்தையலுங்களா?
தப்பா நெனைக்காதீங்க,
கடைசித் தையலுக்கும் அதுக்கு முந்துனதுக்கும்
எடைவெளி ஜாஸ்தியா இருக்குதுங்க.
எங்க கம்பெனியில இது பாஸாகாது.
இன்னொண்ணு போட்டுருங்க.

அலோ, டாக்டரம்மாங்களா? பதினாலாம் நம்பருங்க.
இல்லீங்க, இன்னும் கூப்பிடலை.
காம்பவுண்டு இன்னைக்கும் ஆரனுக்குத்தான் எந்திரிச்சுது.
கரைச்ச தயிர்சோறு ரெண்டு ஸ்பூனு எறங்குச்சு.
வெடியாலப் பேப்பரைப் பாத்தனுங்க.
தங்கம் இன்னைக்கு என்ன வெலைன்னு
படிக்க முடியலைங்க, அதும்மேலயே...
ஆமாங்க.
கருப்புல கொஞ்சம் வெள்ளை. மொறையா.
சென்னியப்பண்ணனை எழுப்பிக் கூட்டியாந்து
காட்டிப்போட்டனுங்க.