நான்காம் தடம், கப்பலூர்

டேக் ஒட்டாத வண்டியும்
பேலன்ஸ் தீர்ந்த வண்டியும்தான்
இப்போதெல்லாம் என்னிடம் நிற்கும்.
காசோடு நீளும் கை
என் கழுத்தைப் பார்த்ததும் பாதியில் நிற்கும்.
ஒரு ரசீது அடிக்கும் நேரம்.
அதற்குள் ஒரு வைத்தியம் சொல்லிவிடுவார்கள்.

வாடிப்பட்டி அரிசி லாரி:
"சின்ன வெங்காயம் இடிச்சுச் சாறு பூசு தாயி."
விருதுநகர் பருப்பு வண்டி:
"தேனும் சந்தனமும். ஒரு மண்டலம் விடாம."
கல்யாண வேனில் ஒரு பட்டுச்சேலை
"எலுமிச்சை தேய்ச்சா வெளுத்துரும்" என்க
முன்சீட்டுப் பட்டுச்சேலை திரும்பி
"எரியுமேக்கா, பாவம் அந்தப் புள்ள" என்க
கம்பம் தூக்கிய பிறகும் வேன் நகரவில்லை.
பின்னால் பதினோரு ஹாரன்.

எல்லாம் செய்தேன்.
வெங்காயம் பூசிய ராத்திரி
ராசாங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.
"சாம்பார் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு."
எலுமிச்சை எரித்தது.
முன்சீட்டுக்காரி எங்கிருந்தாலும் நல்லாயிருக்கட்டும்.
மஞ்சள் போட்ட வாரம்
யூனிஃபார்ம் காலர் மட்டும் மங்களகரமானது.
சின்டெக்ஸ் தொட்டி ஒழுகும் இடத்தில்
தானாக முளைத்த கற்றாழையைக் கீறி
மஞ்சள் பால் வடியக் கவிழ்த்து வைத்து
ஏழு தண்ணியில் அலசி வைத்தால்
குளிர்ச்சி. அவ்வளவுதான், குளிர்ச்சி.
திருமங்கலம் மெடிக்கலில்
தழும்பில் ஒட்டுகிற சிலிக்கான் பட்டை
இரண்டு நாள் சம்பளம் என்றார்கள்.
பாதி வெட்டித் தருவீர்களா என்று கேட்டேன்.
தரமாட்டார்களாம்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதோ
சீட்டின் ஓரத்தில் மூன்று வரி:
வெயில் படக்கூடாது.
எண்ணெய் தொட்டு விரலால் அழுத்தி வட்டமாக
தினமும் ஐந்து நிமிடம்.
அவசரப்படக்கூடாது.

வெயில் படக்கூடாதாம்.
என் ஜன்னல் மேற்கே பார்த்தது.
மூன்று மணி ஆனால்
கட்டணம் கட்டாமல் உள்ளே வந்து
கழுத்தில் உட்கார்ந்துகொள்ளும் ஒரே வண்டி அது.
துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
அடையாள அட்டை மறைகிறது
என்றார் சூப்பர்வைசர் வேதமாணிக்கம்.
அட்டையைக் கழற்றித் துப்பட்டாவின் மேல் குத்திக்கொண்டேன்.
அவர் அதற்கு விதி தேடப் போனவர்
இன்னும் வரவில்லை.

ஐந்து நிமிடம் மட்டும் ராசாங்கத்தின் கணக்கு.
சிட்கோ பட்டறையில் கேட்டுக்குக் கேட்டு
கம்பி பற்றவைத்துக் காய்த்துப்போன விரல்.
தேங்காயெண்ணெயில் நனைந்தும் அது சொரசொரப்புதான்.
கடிகாரம் பார்க்க மாட்டார், எண்ணுவார்.
இருநூறு வட்டம்.
நூற்று நாற்பதில் தூங்கிவிடுவார்.

சிவப்பு, பிறகு பழுப்பு.
ஏழாம் மாதம்
கழுத்து மடிப்புகளில் அதுவும் ஒரு மடிப்பு.
கைகள் இப்போது பாதியில் நிற்பதில்லை.
வாடிப்பட்டிக்காரர்கூட
மீதியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

கத்தி உள்ளே வேறொன்றையும் தொட்டுவிட்டிருந்தது.
ஹாரன் இரைச்சல் தாண்டி
ஆறாம் தடத்து ஜெனோவாவுக்குக் கேட்கும் என் குரல்.
இன்று "சில்லறை இருக்கா சார்" என்றால்
ஸ்பீக்கருக்குள் மணல் விழுந்த சத்தம்.
"என்ன?" என்கிறார்கள்.
"ஜலதோஷமா? சுக்குக் காபி குடி."
போனில் என் அம்மாவே
"யாரு பேசுறது, செண்பகவல்லி இல்லையா?" என்று
என்னிடமே என்னைக் கேட்டாள்.
டாக்டரம்மா பார்த்தார், நரம்பு என்றார்,
வரலாம், என்றார்.
வரும் என்று சொல்லவில்லை.
இதன்மேல் எதைப் பூச?

நேற்று ராத்திரி
விரல் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது
ஏதோ கேட்டார், பதில் சொன்னேன்.
விரல் நின்றது.
"பேசு" என்றார்.
"என்ன பேச?"
"எதையாவது. விரல்ல அதிருது."

வந்த வண்டி நம்பரெல்லாம் சொன்னேன்.
கல்யாண வேனைச் சொன்னேன், பதினோரு ஹாரன் சொன்னேன்.
சிரித்தார், மறுபடி முதலில் இருந்து எண்ணினார்,
வழக்கம்போல நூற்று நாற்பதில்
மூச்சு கனத்தது.

விரலை எடுக்கவில்லை.
நூற்று நாற்பத்தொன்று, என்றேன்
மணல் குரலில்.
நூற்று நாற்பத்திரண்டு.