துரு விடுபட்ட இடம்

பகலில் பொய்ப்பல்,
இரவில் பொய்யிரும்பு.
டென் ஹெல்டரில் என் பிழைப்பு இவ்வளவுதான்.
கடைவாய்ப் பல்லைக் கடைந்த அதே ஊசிமுனையால்
பீரங்கிக் கோபுரத்துக்குக் கண் திறக்கிறேன்.

கப்பலின் பெயர் நீர்க்காகம்.
இரும்புத் தோல், தேக்கு எலும்பு,
மோதிப் பிளக்க முகப்பில் ஒரு கொம்பு.
இருபத்தாறு வருஷம் கடலில் கிடந்து
ஓர் எதிரியையும் பார்க்காமல்
அரசர் பிறந்தநாளுக்கு மட்டும் வெடித்துவிட்டு
எடைக்குப் போனது.
அதைத்தான் தொண்ணூற்றாறில் ஒரு பங்காகப்
பேரிமரத்தில் இழைக்கிறேன்
சாப்பாட்டு மேசையில்.
நான் சாப்பிடுவது நின்றபடி.

ஆணித்தலை மட்டும் நாலாயிரத்துச் சொச்சம்.
மருந்தூசியில் பசை நிரப்பி
மூச்சை அடக்கிச் சொட்டு வைக்க வேண்டும்.
தும்மினால் ஒரு வரிசை போயிற்று.
யெல்மர், தண்ணீர் வாரியத்தில் பம்பு பார்க்கிறவன்,
அவனும் கப்பல் கிறுக்கு,
பூதக்கண்ணாடியோடு வந்து குனிவான்:
"இது முட்டை. இது கடுகு.
ஆணி எங்கே?"

பிப்ரவரியில் ஆவணக் காப்பகம் போனேன்,
ஏணிக்குப் படி எத்தனை என்று பார்க்க.
கிடைத்தது தலைமைத் தச்சன் பேரேடு.
சீப்கே ராட்ஸ்மா, கோணல் கையெழுத்து.
"இடப்பக்கம், பின்புறம்,
தகடு ஏழு வரவில்லை.
தேக்குப் பலகை அடித்து
ஆணித்தலை செதுக்கிக் கறுப்பு பூசியாயிற்று.
அமைச்சர் வியாழன் வருகிறார்."

வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் தார் வாங்கிய கணக்கு.
அதற்கப்புறம் அந்த ஏழு தகட்டைப் பற்றி
எங்கேயும் பேச்சில்லை.

திரும்பும் பேருந்தில் வரைபடத்தை மடியில் விரித்தேன்.
ஏழுக்கும் நேர் பின்னால்
பத்தொன்பது தொங்குபடுக்கை.
யார் யாரோ வந்து, மாறி,
முதுகுக்குப் பின்னால் இரும்பு இருக்கிறதென்று
குறட்டை விட்டிருக்கிறார்கள்.
கோபம் வந்தது. அடுத்த நிறுத்தத்தில்
சிரிப்பும் வந்தது, அதுதான் சங்கடம்.
நான் செய்த பல்லை நம்பித்தானே
இந்த ஊரில் பாதிப் பேர்
ஆப்பிளைக் கடிக்கிறார்கள்.

யெல்மரிடம் சொன்னேன்.
"உன் கப்பல் முழுக்கவே மரம்,
இதில் ஏழென்ன, எழுநூறென்ன?
மேலே பூசிவிட்டால் எல்லாம் ஒன்று."
நியாயம்தான். ஆனாலும்
உடைந்த நாற்காலிக் காலிலிருந்து
நகக்கண் அளவில் ஏழு தேக்குச் சில்லு சீவினேன்.
மற்ற இடத்தில் மரம் இரும்பாக நடிக்கிறது.
இங்கே மரம்,
இரும்பாக நடித்த மரமாக நடிக்கிறது.
சொன்னால் நாக்கு சுளுக்கும்.
கைக்குப் புரிந்தது.

கடைசி வேலை துரு.
செங்கல் தூளைச் சாராயத்தில் குழைத்து
ஒற்றை மயிர்த் தூரிகையால்
ஒவ்வோர் ஆணியின் கீழும் ஓர் ஒழுகல்.
அப்போதுதான் அந்தப் பையன் வந்தான்,
பேரேட்டில் இல்லாதவன்,
இருந்தே தீர வேண்டியவன்:
கயிற்றில் தொங்கி வாராவாரம் துரு சுரண்டியவன்.
வலப்பக்கம் முழுக்கச் சுரண்டி,
இடப்பக்கம் சுரண்டிக்கொண்டே வந்து,
இந்த ஏழில்
உளியைத் தாழ்த்தியிருப்பான்.
விரல் மடக்கி ஒரு தட்டு தட்டியிருப்பான்.
பிறகு வாயை மூடிக்கொண்டு
பத்து நிமிஷம் புகை பிடித்திருப்பான்.
யாரிடம் போய்ச் சொல்வது?
அவன் படுக்கையும் அங்கேதானோ என்னவோ.

ஏழிலும் துரு வைக்காமல் விட்டேன்.

மே மாதம் ஹோர்ன் நகரில் போட்டி.
நடுவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
மூக்கு கொடிமரத்தில் இடிக்கக் குனிந்து,
நிமிர்ந்து, எழுதினார்:
"இடப்பக்கப் பின்புறம் துரு விடுபட்டுள்ளது.
கழிவு இரண்டு மதிப்பெண்."
யெல்மர் என் முழங்கையை இடித்தான்,
சொல்லேன், என்று.

நான் நீர்க்காகத்தின் மேல்
ஒரு தூசியை ஊதினேன்.